ஐப்பசியில் வரும் காசு எங்களுக்கு வேண்டாம்

வன்னிக் குளங்களுக்குக் காசு ஒதுக்குபவர்களுக்கும், மதிப்பீட்டில் ஒப்பமிடுபவர்களுக்கும், அனுமதி தருபவர்களுக்கும், தராமல் கோப்பை மூடி வைப்பவர்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

நான் ஒரு சிறு குளத்தின் கமக்கார அமைப்புச் செயலாளர். குளத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் இது எங்கள் குளத்துப் பிரச்சினையாகச் சுருங்கி, "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடும். இதே கதையைச் சொல்லக்கூடிய செயலாளர்கள் ஒட்டுசுட்டானிலும் இருக்கிறார்கள், நெடுங்கேணியிலும் இருக்கிறார்கள், அக்கராயனிலும் இருக்கிறார்கள்.

2025 கார்த்திகை 27 இரவு (எங்கள் வழக்கில் தை என்றால் ஜனவரி, ஐப்பசி என்றால் ஒக்டோபர், கார்த்திகை என்றால் நவம்பர்; இந்த மடலில் திகதிகள் எல்லாம் அப்படித்தான்). டித்வா புயலின் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. குளம் நிரம்பி வான் வழியாக மேலதிகத் தண்ணீர் பாயத் தொடங்கி ஆறு மணித்தியாலம் கடந்துவிட்டது. கரண்ட் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. முன்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட எங்கள் பழைய வட்டவிதானை, எண்பது தாண்டிய மனிதர், தலையில் ஒரு யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொண்டு குளக்கட்டின் மேல் முன்னால் நடந்தார். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுக்குப் பின்பக்கம், கட்டின் அடியில், ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தினார். "தம்பி, லைற்றை இஞ்ச பிடி" என்றார். கையிலிருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. "தெளிஞ்ச தண்ணி வந்தால் பயமில்லை. இது கட்டைக் கரைச்சுக்கொண்டு வருது."

என் கூட வந்த பெடியங்கள் மண்மூடையைத் தூக்கி ஓட்டையிலேயே போடப் போனார்கள். அவர் விடவில்லை. "அடைக்காதையுங்கோ. இதை அடைச்சால் வேற இடத்தால வெடிக்கும். சுத்திக் கட்டுங்கோ." கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதுபோல ஊற்றைச் சுற்றி மூடைகளை வட்டமாக அடுக்கினோம். வட்டத்துக்குள் தண்ணீர் முழங்காலளவு உயர்ந்ததும் உள்ளிருந்து தள்ளும் வேகம் குறைந்தது. விடிய ஐந்து மணிக்கு அவர் மறுபடி கையில் ஏந்திப் பார்த்தார். தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டின் மேல் குந்தினார். அந்தப் புயலில் நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் குளத்தின் கீழே நாற்பத்திரண்டு குடும்பங்கள்.

அந்த ஓட்டை வந்த இடம் பழைய கட்டில்லை. பழைய கட்டு அசையவில்லை. ஓட்டை வந்தது ஆறு கிழமைக்கு முன் புதிதாகத் திருத்திய துண்டில். அபிவிருத்தி நடந்த இடத்தில்தான் குளம் ஒழுகியது.

ஏன் என்று உங்களுக்கே தெரியும், உங்களில் பாதிப் பேர் பொறியியலாளர்கள். கட்டுக்கு மண் போடுவதென்றால் ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு, அளவான ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்கி, அதற்கு மேல் அடுத்த ஆறங்குலம். கூடக் காய்ந்தாலும் பிடிக்காது, கூட நனைந்தாலும் பிடிக்காது. ஐப்பசி மழையில் களிமண் ரொட்டிக்குக் குழைத்த மாவைப்போல ரோலரில் ஒட்டிக்கொண்டு வரும். துருசுக் குழாயைச் சுற்றி ரோலர் போகாது, அங்கே கையால் இடித்துத்தான் இறுக்க வேண்டும். மழைக்குள் நின்று யார் இடிப்பது? அடியில் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி ஒன்று விடுபட்டிருக்கும். குளம் நிறையும்போது தண்ணீர் அதைக் கண்டுபிடிக்கும். தண்ணீரைப்போல நல்ல கணக்காய்வாளர் ஒருவரும் இல்லை.

ஒப்பந்தகாரரை நான் குறை சொல்லமாட்டேன். மழை தொடங்கிய அன்று "அண்ணை, வேலையை நிப்பாட்டிப்போட்டு மாசியில வாங்கோ" என்று அவரிடம் சொன்னேன். "மார்கழி 31க்குள்ள பில் போடாட்டிக் காசு திரும்பிப் போயிடும். மாசியில வந்து நான் யாரிட்டக் கேக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் காசு எங்களிடம் வந்த வழியைச் சொல்கிறேன். நாங்கள் எழுதிக் கொடுத்தது 2024 இன் நடுவில். தேர்தல்கள் வந்ததால் 2025 இன் வரவு செலவுத் திட்டம் அந்த வருடம் மாசி 17 ஆம் திகதிதான் பாராளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறியது பங்குனி 21. அது கொழும்பிலிருந்து இறங்கிப் பட்டியலாகி எங்கள் குளத்தின் பெயர் வர வைகாசி. அளந்து மதிப்பீடு போட ஆனி. அப்போது ஒரு திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது, கட்டில் நிற்கும் மரங்களைத் தொடக்கூடாதென்று. இன்னொரு அலுவலகம், கட்டுக்குப் போடும் மண்ணை அள்ளத் தங்கள் அனுமதி வேண்டும் என்றது. மண் எங்கிருந்து? எங்கள் குளத்தின் வயிற்றிலிருந்தே, இருநூறு மீற்றர் தூரத்தில் இருந்து. அதே வாரத்தில் பேராற்றுப் பக்கமிருந்து இரவிரவாக மணல் ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் எங்கள் றோட்டால் போயின. அவற்றை யாரும் மறிக்கவில்லை. எங்கள் உழவு மெசினை மட்டும் மறித்தார்கள்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை காட்டு மரங்களில்லை. 2008 இன் கடைசியில் நாங்கள் ஊரை விட்டு ஓடும்போது அந்தக் கட்டில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது எங்களுக்கு முன்னமே மரங்கள் குடியேறியிருந்தன. மண்கட்டில் மரம் வளர்ந்தால் வேர் இறங்கும், மரம் பட்டால் வேர் உக்கும், வேர் உக்கிய பாதை தண்ணீருக்குக் குழாய். இது எங்கள் விதானைக்குத் தெரிந்த பாடம்.

மரத்துக்கும் மண்ணுக்கும் அனுமதி வந்தது ஆவணிக் கடைசியில். விலைக் கேள்வி கோரி ஒப்பந்தம் கையெழுத்தானது புரட்டாதியில். மண் வெட்டும் பெக்கோ வந்து இறங்கியது ஐப்பசி 9. மழை வந்தது ஐப்பசி 14.

வன்னியில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு எல்லாமே மாரியில் ஆறு, கோடையில் மணற்பாதை. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வந்துவிடும். நிஷா 2008 கார்த்திகையில், புரெவி 2020 மார்கழித் தொடக்கத்தில், டித்வா 2025 கார்த்திகையில். ஆகவே கட்டில் மண்வேலைக்குப் பங்குனியிலிருந்து ஆவணி வரை ஆறே மாதம்தான். உங்கள் நிதியாண்டு தை முதலாம் திகதி பிறந்து மார்கழி 31 இல் சாகிறது, அதன் கடைசி மூன்று மாதத்தில்தான் காசு ஓடுகிறது. எங்கள் மழை ஆண்டும் உங்கள் காசு ஆண்டும் ஒருமுறையாவது சந்தித்திருந்தால் இந்த மடல் தேவைப்பட்டிராது.

பெரிய குளங்களில் இப்படியில்லை என்று சிலர் சொல்வார்கள். இரணைமடுவைப் பாருங்கள். 1902 இல் தொடங்கிய குளம், இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் பாயும் குளம். வெளிநாட்டுக் கடனில் கட்டைப் பலப்படுத்தி, 34 அடியாக இருந்த கொள்ளளவை 36 அடியாக உயர்த்தி, 2018 மார்கழி 7 இல் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். சரியாக இரண்டு கிழமை கழித்து, 21 ஆம் திகதி இரவு, பெருமழை. கட்டு நின்றது, அது பெரிய விசயம், அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண்டாவளையிலும் முரசுமோட்டையிலும் வீடுகளுக்குள் வெள்ளம். வான்கதவுகளை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற வாதம் விசாரணை வரை போனது. என் கேள்வி வேறு. குளத்தை இரண்டடி உயர்த்தியபோது, வான் பாயும் தண்ணீர் சுண்டிக்குளம் கடலேரி போய்ச் சேரும் வரை உள்ள பாதையும், அந்தப் பாதையில் இருக்கும் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய நேரமும் திட்டத்தின் பகுதி இல்லையா? கட்டு மட்டும்தான் குளமா?

அந்தக் குளத்திலேயே இன்னொரு பாடமும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்குக் கடன் முதலில் வந்தது, கமக்காரரோடு பேச்சு பிறகு வந்தது. யாழ்ப்பாணத்தாருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மறுப்பில்லை, எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கே பங்கு வைத்து விதைக்கும் குளத்திலிருந்து எவ்வளவு, எந்த மாதத்தில், வற்றிய வருடத்தில் யாருக்கு முதலில் என்பதற்குத்தான் கமக்காரர் பதில் கேட்டார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024 ஆவணியில் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் நடுவில் போன வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

குளத்துக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயல் பாயும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதைவிடப் பெரியது, மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆற்றில் என்றால், மாகாண நீர்ப்பாசனத்துக்கு. அதனால்தான் இரணைமடு மாகாணத்தின் கையில். ஆறு வேறு மாகாணத்தில் பிறந்து வந்தால் மத்திய அரசுக்கு. அநுராதபுரம் தாண்டி வரும் அருவியாற்றுத் தண்ணீரை வாங்கும் கட்டுக்கரைக்குளம் அப்படி. தண்ணீருக்கு இந்தப் பிரிவு தெரியாது. மேல்குளம் உடைத்தால் கீழ்க்குளமும் உடைக்கும், அது யாருடைய கோப்பில் இருந்தாலும். மாகாணத்தின் கையில் என்று எழுதினேன், ஆனால் 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்த பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை. எங்கள் வாய்க்காலைப் பற்றிக் கேள்வி கேட்க நாங்கள் வாக்குப் போட்ட ஒருவரும் அந்த ஆசனங்களில் இல்லை.

இவ்வளவும் உங்களைச் சொன்னேன். எங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குக் கூட்டத்தில் நீங்களே சொல்வீர்கள். பங்குனியில் வேலை தொடங்குவதென்றால் குளத்தை இறக்க வேண்டும், அந்த வருடச் சிறுபோகம் இல்லை. இதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நான் சொன்னபோது, இருந்த கதிரைகளைத் தூக்கி எறியாத குறை. கடன் பட்டவன் ஒரு போகத்தை விட்டுக் கொடுக்கமாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. குளம் நிறையும்போது தண்ணீர் ஏறும் அலைகரைக்குள் எங்கள் ஆட்களே உழுகிறார்கள். குளம் நிறைந்தால் அவர்களின் பயிர் மூழ்கும், அதனால் தண்ணீரை மறிக்க வான்கட்டில் போட்ட பலகையை இரவில் கழற்றிய சம்பவமும் எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. கழற்றியவர் என் மச்சான் முறையானவர். அவரோடு இப்போதும் பேச்சில்லை.

நாங்கள் கேட்பது புதுக் காசு அல்ல. அதே காசை இரண்டு வருடத்துக்குப் பிரித்துத் தாருங்கள். முதல் வருடம் அளவையும் மதிப்பீடும் அனுமதியும். அடுத்த வருடம் மாசியில் ஒப்பந்தம், பங்குனியில் பெக்கோ, ஆவணி 15க்குள் மண்வேலை முடிவு. துருசுக் கதவு, வாய்க்காலுக்குக் கொங்கிறீற் இவற்றைப் பிறகு செய்யலாம், மழைக்குப் பயமில்லை. அனுமதிக்கு, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு மைக்கில் "நாங்கள் கடிதம் அனுப்பிவிட்டோம்" என்று சொல்வதற்குப் பதிலாக, தை மாதத்தில் ஒரு நாள் எல்லாத் திணைக்களத்தாரும் ஒன்றாகக் கட்டில் நடந்து, எந்த மரம், எந்தக் குழியிலிருந்து மண் என்று பெயின்ற் அடித்துக் காட்டி, அங்கேயே ஒரு தாளில் ஒப்பமிடுங்கள். அரைநாள் வேலை. குளம் இறங்கும் வருடத்தில் சிறுபோகம் இழப்பவருக்கு மேட்டுநிலப் பயிருக்கு விதையோ, கட்டு வேலையில் நாட்கூலியோ திட்ட மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். அப்போது கூட்டத்தில் கதிரை எறியப்படாது. வருடா வருடம் புல் வெட்டவும் எலிப்பொந்து அடைக்கவும் ஒரு சின்னத் தொகையும் வேண்டும். அதற்கு நாடா வெட்டும் விழா வைக்க முடியாது என்பது எங்களுக்கும் விளங்குகிறது.

சென்ற ஞாயிறு எங்கள் அமைப்பு கூடியது. ஆவணி 15க்குப் பிறகு கட்டு வேலைக்கு யார் ஒப்பந்தம் கொண்டுவந்தாலும் தலைவரும் நானும் பொருளாளரும் கையெழுத்து வைப்பதில்லை என்று தீர்மானம். மூன்று மணித்தியாலம் இழுத்தது. "வாற காசை வேண்டாமெண்டு சொல்லுற ஒரே விசர்ச் சங்கம் எங்கடதுதான்" என்று ஒருவர் எழும்பிப் போய்விட்டார். ஆதரவாக இருபத்தாறு, எதிராகப் பதினொன்று. விதானை வாக்களிக்க முடியாது, அவர் இப்போது அங்கத்தவர் இல்லை. வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்மானத்தின் பிரதி இந்த மடலோடு உங்கள் எல்லோருடைய மேசைக்கும் வருகிறது. தை மாதத்தில் நீங்கள் சொல்லும் எந்த நாளிலும் நாங்கள் கட்டில் நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு சிறு குளத்தின் கமக்கார அமைப்புச் செயலாளர்,
வன்னி.