கீமோ வார்டு சிஸ்டருக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்

கடைசி கீமோ முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேச இன்னும் தெம்பில்லை, அதனால்தான் இந்த மடல். பணம் அனுப்பியவர்கள், ரத்தம் கொடுத்த தம்பிகள், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட்ட மாடி வீட்டு அக்கா, வாய்க்கு எதுவும் பிடிக்காத நாட்களில் மிளகு ரசம் கொடுத்தனுப்பிய மதினி, உங்கள் யாருக்கும் நான் பட்ட கடன் தீராது.

அந்த சிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டிரிப்ஸ் ஏறும் நேரமெல்லாம் நான் செல்போனும் கையுமாகத்தான் கிடப்பேன். ரிப்போர்ட்டில் இருந்த ‘ஹெர்2 பாசிட்டிவ்’ (புற்றுநோய் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகம் என்று அர்த்தம்) என்பதைப் போட்டுத் தேடினால், வேகமாகப் பரவும், பிழைப்பது கஷ்டம் என்றே வந்தது. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தவர், “இதெல்லாம் எதுக்குப் பாக்கறீங்க” என்று அதட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் படித்ததை முழுக்கப் படித்தார்.

“அக்கா, மொதல்ல தேதியைப் பாருங்க. இது 1996ல எழுதினது. இதுக்குன்னே உள்ள மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதே 1998லதான். இப்ப உங்களுக்கு ஏறுதே டிராஸ்டுசுமாப், அதுதான் அது. அப்புறம், அஞ்சு வருஷம் பிழைச்சிருக்கறவங்க கணக்குன்னு போட்டிருந்தா, அஞ்சு வருஷமாவது முன்னாடி நோய் வந்தவங்களை வெச்சுத்தான் போட்டிருப்பாங்க. அதுல நீங்க இல்ல.”

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தளத்தையும் காட்டினார். நோயாளிகளுக்கென்று ஒரு பதிப்பு, மருத்துவர்களுக்கென்று ஒரு பதிப்பு. எப்போது திருத்தியது என்ற தேதியும் இருக்கிறது. புரியாததை ஸ்கேன் கவரின் பின்பக்கம் எழுதிவைத்து டாக்டரிடம் கேட்கச் சொன்னார். எனக்கு ஏன் அடிக்கடி எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அப்படித்தான் கேட்டேன். இந்த மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தும், அதைக் கண்காணிக்கத்தான் என்றார் டாக்டர். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நெட்டில் தேடாதே என்று அன்பாகச் சொன்னவர்கள் பலர். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பயத்தை வேறு யாரிடம் கேட்பது? தேடத்தான் செய்வோம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சேர்ந்து படித்தால் போதும். முள்சீத்தா, எலுமிச்சை, சோடா உப்பு புற்றுநோயைக் குணமாக்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை இனி யாருக்கும் அனுப்பமாட்டேன். புதிதாக ரிப்போர்ட் வாங்கிவந்து தவிப்பவர் யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

சிஸ்டர், ஊசி இன்னும் சில மாதம் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது கவரில் புதுக் கேள்விகளோடு வருகிறேன்.