சித்திரைக்கும் அஸ்தத்துக்கும் நடுவே

பென்னாகரம்

அன்புக் கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா மாவடு ஊறப்போட்டிருக்கிறாள், உன் பங்கு தனி ஜாடியில் இருக்கிறது.

பெங்களூர் மொட்டைமாடியில் ஒரு கேலக்ஸிகூடக் கண்ணில் படவில்லை, பத்து அங்குல டெலஸ்கோப் வாங்கப்போகிறேன் என்றாய். இப்போது வேண்டாம் கண்ணு. நான் இங்கே பார்ப்பதும் ஆறு அங்குலத்தில்தான். நட்சத்திரம் ஒரே புள்ளி, நகரத்திலும் தெரிந்துவிடும். கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம், அதன் ஒளி பரந்து கிடப்பது. வானம் வெளுத்திருந்தால் அதிலேயே கரைந்துபோகும். கண்ணாடி பெரிதானால் அந்த வெளுப்பையும் சேர்த்துத்தான் அள்ளும். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் போய் வான ஆய்வகம் வைத்தார்களே, அங்கே இருக்கும் இருட்டும் ஒரு காரணம்.

சித்திரை அமாவாசைக்கு வந்துவிடு. கொல்லையில் உட்கார்ந்து எம்104 என்ற கேலக்ஸியைப் பார்ப்போம். இரவு பத்து, பதினொன்றுக்கு அது தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். அஸ்தத்தின் நான்கு நட்சத்திரக் கட்டம் தெரியும் அல்லவா? அதில் மேலே இடது மூலையில் இருப்பதைப் பிடித்துக்கொள். கையை நீட்டிப் பிடித்தால், அங்கிருந்து மூன்று விரல் அகலம் மேலே, சற்றே சித்திரை நட்சத்திரத்தின் பக்கமாகப் போக வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், அதுதான் ஐபீஸ், 25 மி.மீ. போதும். தேடும்போது பெரிதாக்காதே.

அதற்கு முன் அரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல், அது இருக்கும் இடத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார். மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அப்போது நடு தடித்து, இரு முனையும் கூர்ந்த ஒரு சாம்பல் கீற்று எழும்பி வரும். நேராகப் பார்த்தால் மெலியும். குழாயை விரலால் லேசாகத் தட்டினால் படம் அசையும், அசைவதைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். படத்தில் பார்த்த நிறமெல்லாம் எதிர்பார்க்காதே. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும், கண்ணால் அது முடியாது. ஆனால் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளி நேராக உன் கண்ணுக்குள் விழுகிறது. எனக்கு எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

அப்புறம் சிம்மத்துக்குப் போகலாம். பூரத்தின் இரண்டு நட்சத்திரங்களில் தெற்கே இருப்பதன் பக்கத்தில் எம்65, எம்66 என்ற இரண்டு கேலக்ஸிகளும் ஒரே பார்வையில் விழும்.

உன் டெலஸ்கோப்பையும் காரில் போட்டுக்கொண்டு வா. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிளம்பும்போது போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா