எட்டு மதிப்பெண் கட்டுரையை எதை வைத்து அளப்பது?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி அரையாண்டுத் தேர்வில் சாலைப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை கேட்டிருந்தோம். ஒரு மாணவி இப்படித் தொடங்கியிருந்தாள்: "அப்பாவின் ஹெல்மெட் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. டீக்கடை வரைக்கும்தானே என்று அன்று போடாமல் போனார்."

ஒன்றரைப் பக்கம். உட்தலைப்பு ஒன்றுகூட இல்லை. நாலைந்து இடத்தில் ரகர றகரக் குழப்பம். என் கையில் இருந்த குறிப்போ முன்னுரைக்கு இவ்வளவு, உட்தலைப்புகளுக்கு இவ்வளவு, முடிவுரைக்கு இவ்வளவு என்று பிரித்திருந்தது. எட்டுக்கு நாலு போட்டேன். உரைநூலில் உள்ளதை வரி மாறாமல் எழுதி அடிக்கோடிட்ட பையனுக்கு ஏழு. "எதுக்கு மிஸ் நாலு?" என்று அவள் கேட்டபோது குறிப்பைக் காட்டினேன். திருப்புதல் தேர்வில் அவளும் முன்னுரை, முடிவுரை எல்லாம் போட்டு எழுதினாள். அந்த ஹெல்மெட் காணாமல் போயிருந்தது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

குறிப்பே வேண்டாம், அவரவர் மனம்போல் மதிப்பெண் போடலாம் என்று நான் கேட்கவில்லை. அதன் விளைவும் தெரிந்ததுதான். 1961இல் அமெரிக்காவில் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற தேர்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து 9 தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். அளவுகோல் எதுவும் தரவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் வாங்கின! கருத்து, அமைப்பு, பிழையின்மை, சொல்லாட்சி, நடை என ஆளுக்கொன்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது ரூப்ரிக்: ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் தரநிலைகளின் விளக்கம் என அமைந்த மதிப்பீட்டு அட்டவணை. அது இவற்றைத் தனித்தனியே அளக்கிறது. எது இருக்கிறது என்பதோடு நிற்காமல், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறது. கருத்து என்ற வரிசையையே எடுத்துக்கொள்வோம். தன் அனுபவத்தாலோ சான்றாலோ விளக்குவது முதல்நிலை. பொதுச்செய்திகளை அடுக்குவது இடைநிலை. தலைப்பையே திருப்பிச் சொல்வது கடைநிலை. ரகர றகரப் பிழைக்குப் பிழை வரிசையில் மட்டும் குறைத்தால் போதும். கருத்தில் கைவைக்கத் தேவையில்லை.

வரிசைகள் நாலைந்துக்கு மேல் போக வேண்டாம். பழமொழிக்கு ஒரு மதிப்பெண் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும், எல்லாத் தாளிலும் ஒரே பழமொழி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு நிலைக்கும் மாதிரிக் கட்டுரை ஒன்று வேண்டும். திருத்தத் தொடங்குமுன் எல்லாரும் அதைச் சேர்ந்து படித்துப் பேச வேண்டும். முக்கியமாக, இந்த ரூப்ரிக் ஜூன் மாதமே பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும்.

மாதிரிகளுக்கு என் வகுப்புக் கட்டுரைகளை, பிள்ளைகளின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை