புது விமானக் கம்பெனியில் டிக்கெட் எடுக்கலாமா?

கோத்தகிரி

வணக்கம்.

போன மாதம் மட்டும் பத்துப் பேராவது எங்கள் டிக்கெட் கடைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நேற்று வரை பெயரே கேள்விப்படாத கம்பெனி இன்றைக்கு வெளிநாட்டுக்கு டிக்கெட் விற்கிறதே, நம்பி எடுக்கலாமா? கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை, அதனால்தான் இந்த மடல்.

சின்னதாகத் தொடங்கியது என்பதற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம். டாடா ஏர்லைன்ஸ் 1932ல் ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டை ஏற்றித்தான் தொடங்கியது. அதுதான் 1946ல் ஏர் இந்தியா ஆனது, 1948 ஜூனில் லண்டனுக்கும் பறந்தது.

பக்கத்து மாநிலத்துக் கதை ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாசன் மாவட்டத்துக்காரர் கேப்டன் கோபிநாத், ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்புழு வளர்த்தவர், 1997ல் பெங்களூரில் டெக்கான் ஏவியேஷன் என்று ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கினார். வாடகை விமானம் நம் டாக்ஸி ஸ்டாண்டு வண்டி மாதிரி, கூப்பிட்டவருக்காக அவர் சொன்ன இடத்துக்குப் போகும். பஸ் மாதிரி நேர அட்டவணை போட்டு ஓட்டுவதற்கு வேறு உரிமம் வேண்டும். அதையும் வாங்கி 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் என்ற பெயரில், பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் நடுவே ஒரு சின்ன ஏடிஆர் விமானத்தை ஓட்டினார்கள். அதுவரை ரயிலைத் தவிர எதையும் நினைத்துப் பார்க்காத எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாக விமானம் ஏறியது அந்த மலிவு டிக்கெட்டில்தான்.

சரி, வெளிநாட்டுக்கு? அப்போது ஒரு விதி இருந்தது: உள்நாட்டில் ஐந்து வருடம் ஓட்டியிருக்க வேண்டும், கையில் இருபது விமானம் இருக்க வேண்டும். 2006ல் தொடங்கிய இண்டிகோ 2011 வரை அதற்காகக் காத்திருந்தது. கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி 2005ல்தான் தொடங்கியது, 2007ல் டெக்கானில் பங்கு வாங்கியது, டெக்கானுக்கு ஐந்து வருடம் நிறைந்த 2008ல் இரண்டும் ஒன்றாகி, அந்த ஐந்து வருடக் கணக்கைக் காட்டி அந்தச் செப்டம்பரிலேயே பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டார்கள். ஹெலிகாப்டர் வாடகைக் கம்பெனி பதினோரு வருடத்தில் சர்வதேச நிறுவனமாகிவிட்டது, வேறு பெயரில். ஆனால் கடன் ஏறிப்போய் 2012 அக்டோபரில் எல்லாம் நின்றது.

2016ல் அந்த ஐந்து வருடக் கணக்கை அரசு எடுத்துவிட்டது, விமான எண்ணிக்கை மட்டும் நிபந்தனையாக இருக்கிறது. அதனால்தான் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆகாசா விமானக் கம்பெனி 2024 மார்ச்சிலேயே தோஹாவுக்குப் போக முடிந்தது. ஆகவே புதிய பெயர் என்றாலே ஏமாற்று என்று நினைக்காதீர்கள். விமானத்தின் மேல் வேறு பெயர் எழுதியிருந்தாலும் பயம் வேண்டாம், பைலட்டோடு சேர்த்து இன்னொரு கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுவதும் உண்டு. அப்புறம், கோவைக்கு ஏன் இந்த வெளிநாட்டு விமானமெல்லாம் வரவில்லை என்றும் கேட்கிறீர்கள். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரண்டு நாட்டு அரசுகளும் பேசி ஒப்பந்தம் போடுகின்றன, கம்பெனி மட்டும் ஆசைப்பட்டால் போதாது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்பெனியில், விலை குறைவு என்று அரவேணுக் குடும்பம் ஒன்றுக்கு நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மகளின் பிரசவத்துக்குப் போகிற அம்மாவும் அதில் இருந்தார். வாரத்துக்கு ஒரே ஒரு விமானம். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அந்தப் பாதையையே நிறுத்திவிட்டார்கள், ரீஃபண்ட் வர ஏழு மாதம் ஆனது. வேறு டிக்கெட் எடுத்து அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாரம் எத்தனை விமானம் என்று நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் இனி, புதிதாகத் தொடங்கிய வெளிநாட்டுப் பாதைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முன்கூட்டி நாங்கள் டிக்கெட் போட மாட்டோம். வாரத்துக்கு மூன்று விமானமாவது இல்லையென்றால், பிரசவம், கல்யாணம், வேலையில் சேரும் நாள் போன்ற பயணத்துக்கு வேறு கம்பெனியைத்தான் சொல்வோம், இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் சரி. நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்தால் குன்னூர் சுற்றித்தான் இறங்க வேண்டும், கோவை பீளமேடு ஏர்போர்ட்டில் விமானத்தை விட்டுவிட்டால் அடுத்தது மறுநாளா அடுத்த வாரமா என்பதுதான் கேள்வி. மழை மாதங்களில் முதல் நாளே கோவைக்கு இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

இப்படிப்பட்ட டிக்கெட் ஏற்கெனவே எங்களிடம் எடுத்திருப்பவர்கள் பிஎன்ஆர் தாளோடு ஒருமுறை கடைக்கு வாருங்கள். அந்த விமானம் இன்னும் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம், மாற்ற வேண்டியிருந்தால் எங்கள் கமிஷன் எதுவும் வாங்க மாட்டோம். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.