செயலாளரின் ஆண்டறிக்கை, மேலூர், 2024-25

தலைவர் அவர்களே, தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்ற நண்பர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சித்திரையில் மட்டும் பாதிப் பேர் அழகர் எதிர்சேவைக்குக் கிளம்பிவிட்டதால் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கிய பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா பற்றி நம் முன்னாள் ஜே.டி.ஓ. (இளநிலைத் தொலைத்தொடர்பு அதிகாரி) ஒருவர் பேசிய கூட்டத்தை. ஐ.ஐ.டி. கான்பூரில் பி.டெக்., அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அமெரிக்காவிலேயே வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. 1981-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

கிராமத்தில் ஒரு லைன் கொடுப்பது என்ன பாடு என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை போகும் கேபிளும் பள்ளமும் கம்பமும்தான் காசைத் தின்னும். அப்புறம் மழை பெய்தால் ஜாயிண்டில் தண்ணீர். அந்தக் கடைசித் துண்டுக்குக் கம்பியே வேண்டாம் என்று 1990-களில் அவருடைய குழுவும், ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனமும் உருவாக்கிய ரேடியோத் தொலைபேசி முறைதான் கார்டெக்ட். நடுவில் மறைப்பு இல்லையென்றால் சுமார் 10 கி.மீ. எட்டும், சிக்னலை வாங்கி மேலே அனுப்பும் ரிலே வைத்தால் 25 கி.மீ. பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் ஓடும். அந்த டேட்டா அழைப்புகளை இணைக்கும் டெலிபோன் ஸ்விட்சுக்குள் நுழையாமல் தனியே பிரிந்துவிடும். டயல்-அப் காலத்தில் ஒருவர் நெட்டில் உட்கார்ந்தால் சர்க்யூட் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் கைதட்டினார்கள்.

2001-ல் இதே கருவி நம் மேலூர் வட்டத்துக்கு வந்தது. ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. சேர்ந்து நடத்திய ‘சாரி’ திட்டத்தில் கிராமங்களில் இணைய நிலையங்கள் திறந்தார்கள். வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் மனுக்கள் தாலுகா ஆபீசுக்குப் போயின.

பல நிலையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருமானம் கட்டுப்படியாகவில்லை, செல்போனும் மலிவாகிக்கொண்டே வந்தது. “அப்போ திட்டம் தோல்விதானே?” என்று ஒரு உறுப்பினர் கேட்க, வாக்குவாதம் நீண்டு டீ ஆறிப்போனது. செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டியவன்தான். இருந்தாலும் சொல்கிறேன்: மூடிய கடைகளை வைத்து அந்த ரேடியோவை எடைபோடுவது சரியில்லை. 2002-ல் ஜுன்ஜுன்வாலாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிற்பாடு சூரியமின்சாரம், மின்வாகனம் என்று திரும்பிவிட்டார்.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய கார்டெக்ட் பெட்டி கிடந்தால் சங்கத்துக்குக் கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடவும். நன்றி.