பி.எஸ்சி. சேரும் முன் அரசாணை எண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் ஒரே பேச்சுதான். உள்ளூர் அரசுக் கல்லூரியில் வேதியியல், தாவரவியல் என்று பழைய பெயருள்ள பி.எஸ்சி.யில் சேர்ப்பதா, கீழே கோவையில் பயோடெக்னாலஜி, ஃபாரன்சிக் சயின்ஸ் என்று புதுப்பெயருள்ள கோர்ஸில் சேர்ப்பதா? தங்கள் நாளிதழின் உயர்கல்விப் பக்கங்களில் புதிய படிப்புகளின் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டம் எந்த வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பது வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலை மாவட்ட மாணவர்களில் பெரும்பாலோருக்கு இளநிலையில் அடிப்படைப் பாடம், முதுநிலையில் சிறப்புப் பிரிவு என்ற வரிசையே பாதுகாப்பானது. விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்வோம். இங்கே பி.எஸ்சி. சேரும் பெண்களில் பலருடைய குறி அதுதான். ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அறிவியலில் ஆள் எடுப்பது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நான்கு பாடங்களில் மட்டும். பயோடெக்னாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு நிபந்தனை இன்னும் கடுமை. இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், அல்லது அரசாணை மூலம் இணையானது என்று ஏற்கப்பட்ட பாடமாக இருக்க வேண்டும். 'கிராஸ் மேஜர்' என்று விண்ணப்பங்கள் தள்ளுபடியாவது இங்கேதான். பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவர் மாட்டிக்கொள்வார் என்பது பலருக்குத் தெரியும். பி.எஸ்சி. வேதியியல் முடித்து எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்தவரும் அதே குழியில் விழலாம் என்பது தெரியாது. பள்ளி ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால், எடுத்த பாடத்தை விடாமல் எம்.எஸ்சி. வரை கொண்டுபோக வேண்டும்.

முதுமலையை அருகில் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகளுக்கு வனத்துறை ஆசை வருவது இயல்பு. இந்திய வனப்பணித் தேர்வுக்கு யுபிஎஸ்சி கேட்கும் தகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பாடம் பட்டப்படிப்பில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய பெயர்கள் அதில் இல்லை. காட்டைப் பற்றிப் படிக்கிறோம் என்று சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்த பிள்ளை, அதில் தாவரவியலோ விலங்கியலோ தனிப் பாடமாக இல்லாவிட்டால், வனப்பணிக்கு விண்ணப்பிக்கும்போதே சிக்கலைச் சந்திக்கும்.

இன்ஸ்பயர் உதவித்தொகையிலும் இதே கதைதான். பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் இது. 60,000 மாணவர் கையில், 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. தகுதியான பாடங்கள் 18 என்று வரையறுத்திருக்கிறார்கள். பயோகெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் அதில் உண்டு, பயோடெக்னாலஜி இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது படிப்பு முழுவதையும் தாங்கக்கூடிய தொகை. கோர்ஸின் பெயரில் ஒரு சொல் மாறியதால் அது கைநழுவக் கூடாது.

எதிர்ப்பக்கம் ஒரு வலுவான உதாரணமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், பயோடெக்னாலஜி, எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி ஆகியவற்றில் இளநிலைப் பட்டமே போதும் என்கின்றன. வேதியியல் படித்தவருக்கோ முதுநிலைப் பட்டம் வேண்டும். தேயிலைத்தூளில் சாயம் கலக்கிறார்களா என்று சோதிக்கும் அதிகாரி ஆக வேண்டும், எம்.எஸ்சி. வரை படிக்க வீட்டில் வசதி இல்லை என்ற நிலையில் உள்ள மாணவருக்குச் சிறப்புப் பட்டமே சரி. அதாவது, முதலில் வேலையின் விதியைப் படிக்க வேண்டும், பிறகு கோர்ஸைத் தேட வேண்டும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்பதால் அவற்றுக்காக இந்தக் குழப்பமே வேண்டாம்.

விதிகளைத் தாண்டி, பாடத்தின் உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். சிறப்புப் பட்டத்தில் செய்முறை பெரும்பாலும் 'இப்படிச் செய்' என்ற குறிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஏன் அப்படி என்பதற்கு இயற்பியலும் வேதியியலும் தெரிய வேண்டும். மைக்ரோபயாலஜி லேபில் நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கலனான ஆட்டோகிளேவையே பாருங்கள். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லா ரெக்கார்டு நோட்டிலும் எழுதியிருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டுமே. ஆகவே இங்கே முள் 15 பவுண்டில் நின்றாலும் உள்ளே வெப்பம் சுமார் 117 டிகிரியைத் தாண்டாது. 121 டிகிரி வர வேண்டுமானால் முள் 18 பவுண்டுக்கு மேல் போக வேண்டும். கலன் அந்த அழுத்தத்துக்குத் தயாரிக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். இது தெரியாத லேபில் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் சாகாமல் தங்கி, இரண்டு நாளில் நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் கலங்கிப்போகலாம். மாணவர் தன் கைச்சுத்தத்தைத்தான் சந்தேகிப்பார். ஆவியழுத்தத்தை ஒழுங்காகப் படித்தவர் அழுத்தமானியைச் சந்தேகிப்பார்.

அடிப்படைப் பட்டம் எடுப்பவர்களும் கவனிக்காமல் விடுவது அலைடு எனப்படும் துணைப்பாடத்தை. நம் மூன்றாண்டுப் பட்டத்தில் தமிழ், ஆங்கிலம், மேஜர் போக, பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் அலைடு பாடங்களில்தான் படிப்பின் அகலமே இருக்கிறது. வேதியியல் மாணவருக்குச் சில கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும், சிலவற்றில் தாவரவியலும் விலங்கியலும் அலைடாக வரும். பல இடங்களில் தேர்வு மாணவர் கையில் இல்லை, துறையே முடிவு செய்துவிடுகிறது. கணிதம் இல்லாமல் மூன்றாண்டு முடித்தவர் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் வேதியியல் தாளில் தடுமாறுகிறார், ஏனென்றால் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. மருந்து, உணவு, உயிர்வேதியியல் பக்கம் போக நினைப்பவருக்கு உயிரியல் அலைடே பொருத்தம். சேரும் முன் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். முதல் செமஸ்டர் தொடங்கிய பிறகு கேட்டால் பயனில்லை.

ஆய்வுப் படிப்புக்கான தேர்வுகளும் அகலத்தைத்தான் கேட்கின்றன. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் பாடங்கள் ஐந்தே: வேதியியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணிதம், இயற்பியல். தாவரவியல், விலங்கியல், பயோடெக், மைக்ரோ எல்லோரும் உயிர் அறிவியல் என்ற ஒரே தாளை எழுத வேண்டும். அதில் 13 அலகுகள். பயோடெக் மாணவர் உயிரினப் பன்மை, சூழலியல், பரிணாமம் ஆகிய அலகுகளைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தாவரவியல் மாணவருக்குச் செல்களுக்கிடையேயான தகவல் பரிமாற்றம் கடினம். இரு பக்கமும் இடைவெளி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜியில் தாவரவியல், விலங்கியல், வேதியியல் பட்டதாரிகளைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. பி.எஸ்சி. பயோடெக் முடித்தவருக்கு எம்.எஸ்சி. வேதியியல் கதவு அநேகமாக மூடியே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்பதால்தான் வரிசை முக்கியமாகிறது.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். லேபுக்குள் போய்ப் பாருங்கள். வேதியியல் லேபில் ஆளுக்கொரு பியூரெட் (கரைசலை அளந்து சொட்டவிடும் குழாய்) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்து, அடுத்தடுத்த இரண்டு அளவு 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துவரும்வரை தன் கையால் செய்த மாணவர் எந்தத் தொழிற்சாலை லேபிலும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். தேயிலையில் மொத்தச் சாம்பல் 4 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், நீரில் கரையும் சாறு 32 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று உணவுத் தர விதி சொல்கிறது. இதைச் சோதிக்கத் தேவையானவை உலையும் தராசும், நிதானமான கையும்தான்.

பயோடெக் லேபில் கேட்க வேண்டியது வேறு. டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் எந்திரத்தைக் காட்டுவார்கள். அதற்கான நொதியை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். அந்த உறைகலன் எங்கே, ஜெனரேட்டரோடு இணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் மரம் விழுந்து மின்சாரம் போனால் மணிக்கணக்கில் வராது. நொதி கெட்டுப்போனால் அந்த ஆண்டு சோதனை நடக்காது, ரெக்கார்டில் படம் ஒட்டுவதோடு முடிந்துவிடும். மூன்றாமாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, எத்தனை சோதனையை அவரே செய்தார், எத்தனையை ஆசிரியர் செய்து காட்டினார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாணவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

நம் மலைகளிலேயே உள்ள நிறுவனங்கள் எப்படிப்பட்டவர்களைக் கேட்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுள்ளது. அந்த மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான சுமார் 11 டிகிரிக்கு ஒத்திருப்பதால்தான் அதை அங்கே வைத்தார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனம் ஆராய்ச்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்க ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வின் இயற்பியல் தாளைப் பயன்படுத்துகிறது. 1909இல் வானியலாளர் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டது நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்து. பி.எஸ்சி. இயற்பியல் லேபில் பாதரச விளக்கின் 5770, 5790 ஆங்ஸ்ட்ராம் மஞ்சள் கோடுகளைப் பிரித்துப் பார்க்கும் மாணவர் அதே கலையின் முதல் படியில் நிற்கிறார். வானியலுக்கு வானியல் என்று பெயருள்ள இளநிலைப் பட்டம் தேவையில்லை. வனவிலங்கு ஆய்விலும் இப்படித்தான். பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் நடத்தும் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி.க்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். அங்கே போகிறவருக்கு உதவுவது புள்ளியியல்.

எந்தப் பாடம் பிடிக்கும் என்றே இன்னும் தெரியவில்லை என்கிற மாணவருக்கு, மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர் நல்ல இடம். திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு எட்டும் தூரம். ஐந்தாண்டுப் படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் பொது, பிறகுதான் மேஜர். நுழைவுத் தேர்வில் நான்கு பாடங்களில் தலா 15 கேள்விகள். கணிதம் எடுக்காத பியூர் சயின்ஸ் குரூப் மாணவரும் எழுதலாம், கணிதக் கேள்விகளுக்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

செலவையும் சொல்லியாக வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சுயநிதிக் கல்லூரியில் கட்டணம், விடுதி, வாராவாரம் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும் பேருந்துச் செலவு எல்லாம் சேர்ந்தால், அதே பணத்தில் பிற்பாடு ஒரு நல்ல எம்.எஸ்சி. படிக்கலாம். கடன் வாங்கிச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இதைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்கல்விப் பக்கத்தில் புதிய கோர்ஸ் எதைப் பற்றி எழுதினாலும், அது எந்த அடிப்படைப் பாடத்துக்கு இணையானது, அதற்கான அரசாணை எண், நாள் என்ன என்று கல்லூரியிடம் கேட்டு வெளியிடுங்கள். பெற்றோரும் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் அதையே எழுத்தில் கேட்கட்டும். 'வந்துவிடும்', 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அரசாணை இருந்தால் நகல் தருவதில் எந்தக் கல்லூரிக்கும் தடை இருக்காது.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.