பரணில் இருக்கிற குக்கரை இறக்கு

கும்பகோணம்

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் பற்றி உன் தங்கை போனில் சொல்லிவிட்டாள், அதனால்தான் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவாய். சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம், ராத்திரிக்கு இன்னும் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாதானாம். கமலா வாங்கின குக்கர் பரணில் கிடக்கிறதாம். என்னடா இது?

இவள் பெங்களூருக்குப் போயிருக்கிறாள், சின்னவளுக்கு ரெண்டாவது பிரசவம். கிளம்புவதற்கு முன்னால் எனக்குக் குக்கர் பாடம் எடுத்தாள், நம் கணக்கு வாத்தியாரைவிடக் கண்டிப்பு. இப்போது எனக்கு அதன் மேல் பைத்தியமே பிடித்திருக்கிறது, கேள். அடியில் தண்ணீர் ஊற்றி, கீழ்ப் பாத்திரத்தில் துவரம் பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். மேல் பாத்திரத்தில் அரிசி. மூடினதும் வெயிட்டைப் போட்டுவிடாதே. மூடியில் இருக்கிற குழாயில் முதலில் ஆவி புஸ்புஸ்ஸென்று விட்டுவிட்டு வரும். அப்புறம் சீறிக்கொண்டு நேராக மேலே எழும்பும். உள்ளே இருந்த காற்றெல்லாம் போய் வெறும் ஆவி வருகிறது என்று அர்த்தம், அப்போதுதான் வெயிட். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடு. புளியைப் பருப்போடு சேர்த்து வைக்காதே, எவ்வளவு நேரமானாலும் மசியாது. திறந்து ஒரு கரண்டியால் தட்டினால் பருப்பு வெண்ணெய் மாதிரி குழையும் பார், அதற்காகவே தினமும் சமைக்கலாம்.

உடனே நம்மோடு திருவல்லிக்கேணி ரூமில் இருந்த நாகு என்பாய், அவன் குக்கர் மூடி பறந்து கூரையில் அடித்ததே என்பாய். சரி, அதையும் பேசிவிடுவோம். நாகு கொண்டைக்கடலையை வாய்வரை ரொப்பினான். தோல் மேலே வந்து குழாயை அடைத்தது. விசில் வரவில்லையே என்று, ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திருகினான். குக்கர் என்ன பாவம் செய்தது? கடலை, பருப்பு வகையெல்லாம் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு தடவையும் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய்த் துளை தெரிகிறதா பார். தண்ணீர் வற்றி மிதமிஞ்சிச் சூடேறினால் சேஃப்டி வால்வில் இருக்கிற உலோகத் துண்டு உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். அது போய்விட்டால் எதையும் வைத்து அடைக்காமல் அதே கம்பெனி வால்வு புதிதாக வாங்கிப் போடு. சேஃப்டி வால்வு ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1679இல் லண்டனில் முதல் குக்கரைச் செய்துகாட்டிய டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரரே அதற்கும் வழி கண்டுவிட்டார். 1682இல் ராயல் சொசைட்டி என்கிற விஞ்ஞானிகள் சங்கத்துக்காரர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார், எலும்புகூட மெத்தென்று வெந்திருந்ததாம்.

அதிலும் உன் ஊரில் குக்கர் இல்லாமல் முடியாது. சட்டியில் போட்ட பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று போன மழைக்காலத்தில் புலம்பினாயே, பருப்பு மேல் தப்பில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. இங்கே குக்கருக்குள் 120 வரை போகும். உனக்கு அதில் நாலைந்து டிகிரி குறையும், ஒன்றிரண்டு விசில் கூட விடு, போதும்.

சேது, நாகுவை நீ சாக்குக்குத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். கமலா போனதிலிருந்து அந்த அடுப்படிக்குள் நிற்க உன்னால் முடியவில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் உனக்கு அறுபத்தைந்து வயது, சர்க்கரை, தனியாக இருக்கிறாய். ஒரு வேளையாவது வீட்டுச் சாப்பாடு வேண்டும். வெறும் பருப்பும் கீரையும் போதும். முதல் நாள் நான் போனில் கூடவே இருக்கிறேன், விசில் சத்தம் எனக்கும் கேட்கட்டும்.

இத்தனை வருஷம் பரணில் கிடந்த காஸ்கெட், அதுதான் மூடியில் இருக்கிற ரப்பர் வளையம், இறுகிப்போய் விரிசல் விட்டிருக்கும், அதைப் போட்டுப் பார்க்காதே. எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று பார்த்து உடனே எழுது. மணி அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் வரை வருகிறான், காஸ்கெட்டும் வால்வும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ரெண்டு கிலோ பருப்பும் வரும்.

அன்புடன்,
ராமு